பண்பாட்டுப் பன்மை ஒப்பந்தமும் வணிகமும்: புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005-இல் பாரிஸில் யுனெஸ்கோ ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மையைப் பாதுகாப்பதும் வளர்ப்பதும் அதன் நோக்கம். இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடுதான். புதுச்சேரியில் திரைப்படச் சங்கத்து நண்பர்கள், பிரெஞ்சு படிக்கும் மாணவர்கள், பாகூர், நெல்லிக்குப்பம் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எதைப் பற்றிய ஒப்பந்தம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சினிமா, புத்தகம், பாட்டு, நாடகம், தொலைக்காட்சி எல்லாம் காசுக்கு விற்கப்படுபவைதான். ஆனால் ஒரு மக்களின் அடையாளத்தையும் அவை சுமக்கின்றன. அதனால் மானியம், ஒதுக்கீடு, பொது ஒலிபரப்பு போன்ற வழிகளில் ஓர் அரசு தன் நாட்டுக் கலையைத் தாங்கிப் பிடிக்கலாம், அது அந்த அரசின் உரிமை. ஒப்பந்தத்தின் சாரம் இவ்வளவுதான்.

அரசு தன் கலைக்கு உதவ ஒப்பந்தம் எதற்கு? யார் தடுக்கிறார்கள்?

வணிகச் சட்டம் தடுக்கும். உலக வணிக அமைப்பின் அடிப்படை விதிகளில் ஒன்று இது: உள்ளே வந்துவிட்ட வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்கைவிட மோசமாக நடத்தக்கூடாது. சிமெண்டுக்கும் சட்டைத்துணிக்கும் சரி. சினிமாவுக்கு?

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடலூரில் ஓடிய தமிழ்ப் படத்துக்குச் சலுகை, பக்கத்துத் தியேட்டரில் ஓடிய ஆங்கிலப் படத்துக்கு இல்லை. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியில் தமிழ்ப் படத்துக்குக் குறைவு, மற்றவற்றுக்குக் கூடுதல் என்ற வழக்கம் தொடர்ந்தது. நமக்கு இது சாதாரண மொழிப்பற்று விவகாரம். வணிக வழக்கறிஞர் கண்ணுக்கு அப்பட்டமான பாகுபாடு.

பிரான்ஸ் இதைவிடச் சாமர்த்தியமாகச் செய்கிறது. அங்கே விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தேசியத் திரைப்பட மையத்தின் நிதிக்குப் போகிறது. எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் இதே கணக்கு. புதுச்சேரியிலிருந்து போய் பாரிஸில் குடியேறிய உங்கள் சித்தப்பா கிராண்ட் ரெக்ஸ் தியேட்டரில் விஜய் படம் பார்த்து விசில் அடிக்கிறார் என்றால், அந்த டிக்கெட்டின் ஒரு துண்டு ஏதோ ஒரு பிரெஞ்சு இயக்குநரின் அடுத்த படத்துக்குப் போய்ச் சேர்கிறது. அமெரிக்கப் படங்கள் அங்கே வசூலை அள்ள அள்ள, பிரெஞ்சுப் படத்துக்கும் காசு கூடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இந்தச் சண்டை எப்போது தொடங்கியது?

2005-இல் தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடே தொடங்கிவிட்டது. 1946 மே 28 அன்று பிரான்ஸின் தூதராகப் போன முன்னாள் பிரதமர் லியோன் பிளும், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பர்ன்ஸ் இருவரும் கையெழுத்திட்ட உடன்பாட்டில், பிரான்ஸின் கடன் பாக்கியை அமெரிக்கா பெருமளவு தள்ளுபடி செய்து புதுக்கடனும் கொடுத்தது. பதிலுக்கு பிரான்ஸ் தன் தியேட்டர்களைத் திறந்துவிட வேண்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு நான்கு வாரம் மட்டும் பிரெஞ்சுப் படத்துக்கு, மீதி நாட்கள் யாருக்கு வேண்டுமானாலும். நடிகர்களும் இயக்குநர்களும் பாரிஸ் தெருவில் ஊர்வலம் போனார்கள். 1948-இல் நான்கு வாரம் ஐந்தானது.

இதற்கிடையே, 1947-இல், காட் என்ற பொது வணிக உடன்பாடு வந்தபோது அதன் 4-ஆம் பிரிவு திரையரங்கு ஒதுக்கீட்டை அனுமதித்தது. சினிமா மற்ற சரக்கு போல அல்ல என்று வணிகச் சட்டமே ஒருமுறை ஒப்புக்கொண்ட இடம் அது.

பெரிய மோதல் 1993-இல். காட் நாடுகள் நடத்திய உருகுவே சுற்று என்ற வணிகப் பேச்சு டிசம்பரில் முடிய வேண்டும். சேவைத்துறை உடன்பாட்டில் சினிமாவும் தொலைக்காட்சியும் உள்ளே வரவேண்டும் என்றது அமெரிக்கா. முடியாது என்றது பிரான்ஸ், அதன் பின்னால் ஐரோப்பா. கடைசி நாட்களில் மொத்தப் பேச்சும் இதனால் கவிழும் நிலை. இறுதியில், ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொண்டு எழுந்தார்கள். எழுத்தில் எந்த விதிவிலக்கும் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் ஐரோப்பா எந்த வாக்குறுதியும் தரவில்லை, அவ்வளவுதான். அடுத்த சுற்றில் மறுபடியும் கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு கனடா வாங்கிய அடி. அமெரிக்க இதழ் ஒன்று அதே உள்ளடக்கத்தை மின்வழியில் கனடாவுக்கு அனுப்பி, அங்கேயே அச்சிட்டு, கனடா விளம்பரங்களைக் குறைந்த விலைக்குப் பிடித்தது. கனடா இதழ்களின் வயிற்றில் அடிக்கும் வேலை. அந்த மாதிரிப் பதிப்புகளின் விளம்பர வருமானத்துக்கு கனடா 80 சதவீத வரி போட்டது. அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு 1997-இல் வென்றது. இதழ் என்பதும் சரக்குதான் என்பது தீர்ப்பு. வணிக மன்றத்தில் பண்பாட்டு வாதம் எடுபடாது என்று கனடாவுக்கு அன்றைக்குப் புரிந்தது. 1999-இலேயே கனடாவின் ஆலோசனைக் குழு, பண்பாட்டுப் பன்மைக்கென்று தனி ஒப்பந்தம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

வணிக அமைப்பு ஜெனீவாவில் இருக்க, பாரிஸுக்கு ஏன் போனார்கள்?

எந்த அறையில் பேசுகிறோம் என்பதே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும். ஜெனீவாவில் உட்காருவது வணிக அமைச்சகத்து ஆட்கள். யுனெஸ்கோவில் பண்பாட்டு அமைச்சர்கள். அதோடு 1984 முதல் அமெரிக்கா யுனெஸ்கோவிலேயே இல்லை. 2003 அக்டோபரில் திரும்பி வந்தது. ஒப்பந்தம் எழுதத் தொடங்கலாம் என்று முடிவெடுத்ததும் அதே அக்டோபர் மாநாட்டில்தான்.

பேச்சுவார்த்தை அறையில் உண்மையில் என்ன நடந்தது?

முதலில் தனி வல்லுநர்கள் கூடி, 2004 கோடைக்குள் ஒரு வரைவு கொடுத்தார்கள். பிறகு அரசுப் பிரதிநிதிகள் மூன்று முறை கூடினார்கள்: 2004 செப்டம்பர், 2005 ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை, பிறகு மே கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரை. இத்தகைய ஒப்பந்தத்துக்கு இது அசுர வேகம்.

தலைமை தாங்கியவர் தென்னாப்பிரிக்காவின் காதர் அஸ்மால். நேட்டாலில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர், சட்டப் பேராசிரியர், நிறவெறி ஆட்சியை எதிர்த்து நாட்டுக்கு வெளியே நெடுங்காலம் இருந்தவர், மண்டேலா அமைச்சரவையில் நீர்வளத்துறையைப் பார்த்தவர். ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடிக்காத சொல்லைச் சதுர அடைப்புக்குள் தள்ளும். கொஞ்ச நாளில் வரைவில் அடைப்புக்குறிகளே தெரியும், வாக்கியம் தெரியாது. 2005 பிப்ரவரியில், நீங்களே ஒரு சுத்தமான வரைவு எழுதிக் கொடுங்கள் என்று அஸ்மாலிடம் விட்டார்கள். ஏப்ரலுக்குள் கொடுத்தார். மூன்றாவது கூட்டம் அதை வைத்துத்தான் ஓடியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 25 நாடுகளுக்கும் சேர்த்துப் பல விஷயங்களில் ஐரோப்பிய ஆணையமே ஒரே குரலில் பேசியது. யுனெஸ்கோவுக்கு அது புதுசு, அமெரிக்காவுக்கு எரிச்சல். தலைப்பில் பாதுகாப்பு என்ற சொல் இருப்பதே வணிகத் தடைக்கு அழைப்பு என்று அமெரிக்கத் தரப்பு வாதிட்டது. கடைசிக் கட்டத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோண்டலீசா ரைஸ் பல நாட்டு வெளியுறவு அமைச்சர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார், அவசரப்படாதீர்கள் என்று. பலன் இல்லை. 2005 அக்டோபர் 20 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 148, எதிர்ப்பு 2.

அந்த இரண்டு யார்?

அமெரிக்காவும் இஸ்ரேலும். ஆஸ்திரேலியா, ஹோண்டுராஸ், லைபீரியா, நிகராகுவா நான்கும் ஒதுங்கிக்கொண்டன.

அமெரிக்கா சொன்னதில் நியாயமே கிடையாதா?

கொஞ்சம் உண்டு. ஹாலிவுட் வருமானம்தான் முதல் கவலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பண்பாட்டைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஓர் அரசு தனக்குப் பிடிக்காத புத்தகத்தையும் படத்தையும் தடுக்க இது வசதி செய்து கொடுக்கும் என்றும் சொன்னார்கள். தணிக்கையை நேரில் பார்த்த நாம் இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பதிலாகத்தான், மனித உரிமையையும் கருத்துரிமையையும் மீற இந்த ஒப்பந்தத்தைச் சாக்காகக் காட்டக்கூடாது என்பது முதல் கோட்பாடாக 2-ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது.

எல்லோரும் 20-ஆம் பிரிவு, 20-ஆம் பிரிவு என்கிறார்களே?

மொத்தப் பேச்சும் கடைசியில் வந்து நின்ற இடம் அது. இந்த ஒப்பந்தமும் வணிக ஒப்பந்தமும் மோதினால் எது பெரிது?

பிரான்ஸும் கனடாவும் சமநிலை கேட்டன. வணிகச் சட்டத்தைத் தொடக்கூடாது என்று மறுபக்கம். முடிவில் இரண்டையும் எழுதினார்கள். முதல் பத்தி, இந்த ஒப்பந்தம் வேறெதற்கும் கீழ்ப்பட்டதல்ல, மற்ற ஒப்பந்தங்களுக்குப் பொருள் கொள்ளும்போதும் புதிதாகக் கையெழுத்திடும்போதும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. இரண்டாம் பத்தி, மற்ற ஒப்பந்தங்களில் உள்ள உரிமையையும் கடமையையும் இது எதுவும் மாற்றாது என்கிறது. மாமியார், மருமகள் இருவரிடமும் வீட்டுச் சாவியைக் கொடுத்த கதை.

என் கணிப்பு இது: 148 வாக்கு கிடைத்ததே இந்தக் குழப்பத்தால்தான். தெளிவாக எழுதியிருந்தால் பாதி நாடுகள் நழுவியிருக்கும். சண்டை வந்தால் தீர்க்கும் வழியும் மென்மையானதே. பேச்சு, நடுவர், சமரசக் குழு. அந்தக் குழு சொல்வதும் பரிந்துரைதான், தண்டனை கிடையாது. அதுவும் வேண்டாம் என்று சேரும்போதே விலகிக்கொள்ளவும் வழி உண்டு. வணிக மன்றம் பதிலுக்கு வரி போட அனுமதி தரும். இந்த ஒப்பந்தத்தால் அதிகபட்சம் முகம் சுளிக்கத்தான் முடியும்.

ஆக, தானாக யாரையும் காப்பாற்றும் ஒப்பந்தம் அல்ல இது. தன் கலையைக் காக்க முன்பே முடிவெடுத்துவிட்ட அரசின் கையில் ஒரு வாதம், அவ்வளவே.

யாராவது இதைக் காட்டி வழக்கில் ஜெயித்திருக்கிறார்களா?

வணிக மன்றத்தில் முயன்றது சீனா. புத்தகம், படம், இசைத்தட்டு இறக்குமதியை அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்று அது வைத்திருந்ததை எதிர்த்து அமெரிக்கா 2007-இல் வழக்குப் போட்டது. சீனா இந்த ஒப்பந்தத்தையும் எடுத்துக் காட்டியது. 2009-இல் முக்கியமான அம்சங்களில் சீனா தோற்றது. அமெரிக்கா இதில் உறுப்பு நாடே இல்லையே, அதனிடம் இதைக் காட்டி என்ன பயன்? அமெரிக்கத் தரப்பு பயந்த மாதிரி ஒரு தணிக்கை அரசே முதலில் இதைக் கையில் எடுத்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

மன்றத்துக்கு வெளியே பலன் உண்டு. 2013-இல் அமெரிக்காவோடு வணிகப் பேச்சு தொடங்கும்போது, சினிமா, தொலைக்காட்சியை வெளியே வைத்தால்தான் ஒப்புதல் என்று பிரான்ஸ் அடம் பிடித்து ஐரோப்பாவைச் சம்மதிக்க வைத்தது.

மாறான கதை தென்கொரியா. ஆண்டுக்கு 146 நாள் கொரியப் படம் ஓட்ட வேண்டும் என்ற விதியை, அமெரிக்காவோடு தடையற்ற வணிகப் பேச்சு தொடங்குவதற்கு விலையாக, 2006-இல் 73 நாளாகக் குறைத்துக்கொண்டது. யுனெஸ்கோவில் ஆதரவு வாக்கு போட்ட அடுத்த ஆண்டே.

இந்தியாவின் நிலை என்ன?

ஆதரவாக வாக்களித்தது. 2006 டிசம்பர் 15 அன்று ஏற்புறுதி கொடுத்தது. மூன்று நாள் கழித்து ஐரோப்பிய ஒன்றியமும் அதன் பல நாடுகளும் சேர்ந்து கொடுத்ததில், தேவையான 30 தாண்டி, 2007 மார்ச் 18 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இன்று 150-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்.

ஆனால் இந்தியாவுக்கு பிரான்ஸின் பயம் கிடையாது. நம் தியேட்டர்களில் நம் படம்தான் ஆட்சி செய்கிறது. நாம் படம் ஏற்றுமதி செய்யும் நாடு. அதனால் டெல்லிக்கு இது கௌரவக் கையெழுத்து. மொழிச் சிறுபான்மைக் கலைக்கும் நாட்டார் கலைக்கும் உள்நாட்டுக்குள்ளேயே இதைப் பயன்படுத்த முடியும் என்பது பற்றிப் பேச்சே காணோம். எனக்கு உள்ள குறை அதுதான்.

புதுச்சேரி பிரெஞ்சு ஊராச்சே, நமக்கு இதில் தனி உரிமை ஏதாவது உண்டா?

இந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் பண்பாட்டை எழுதி வைப்பது நமக்குப் பழைய சங்கதி. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்ஸும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியும் ஆய்வு நிறுவனமும் கடற்கரைப் பக்கம் இன்றும் இயங்குவதற்கு அந்தக் காலத்துப் பேச்சுவார்த்தைதான் அடித்தளம்.

பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துச் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ ஏற்றது இதன் கீழா?

இல்லை. அது 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. ஆண்டு ஒன்றாக இருப்பதால் குழம்புகிறார்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் கிடைத்த புவிசார் குறியீடும் வேறு சட்டம். 1972-இன் உலக மரபுச் சின்னங்கள் வேறு, 2003-இன் வாழும் மரபுக் கலைகள் ஒப்பந்தம் வேறு. பழையதைக் காப்பது அவற்றின் வேலை. இது இன்று புதிதாக உருவாகிற படைப்புக்கும் சேர்த்து.

எங்கள் ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) ஐரோப்பாவில் ஆட அழைப்பு வந்தது, விசா தரவில்லை. இந்த ஒப்பந்தத்தில் வழி உண்டா?

எழுத்தில் உண்டு. வளரும் நாட்டுக் கலைஞர்களுக்கும் படைப்புகளுக்கும் வளர்ந்த நாடுகள் முன்னுரிமைச் சலுகை தர வேண்டும் என்பது 16-ஆம் பிரிவு. ஒப்பந்தத்திலேயே கறாரான வாசகம் அதுதான்.

நடப்பு வேறு. கூத்து வாத்தியார் ஒருவருக்கு விசாப் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். வேலை கொடுப்பவர் பெயர் என்று ஒரு கட்டம். ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோயிலில் ஆடுகிறவருக்கு யார் முதலாளி? ஆறு மாத வங்கிக் கணக்கு கேட்டார்கள். அவருக்கு வரும்படி பங்குனியிலிருந்து ஆடி வரை, அதுவும் ரொக்கம். மற்ற மாதங்களில் கணக்கில் நூறு, இருநூறு கிடந்தால் அதிகம். கடைசியில் துணிப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். தேதி, ஊர், என்ன கூத்து, தாம்பூலம் மாற்றியபோது கொடுத்த முன்பணம், ஆடி முடித்த விடிகாலையில் கைக்கு வந்த மீதி, எல்லாம் பென்சிலில். ‘சார், இதைவிட என்ன கணக்கு வேணும்?’ என்றார். அந்த நோட்டின் நகலையும் இணைத்தோம். திரும்பி வந்த தாளில், பொருளாதார நிலை நிரூபிக்கப்படவில்லை என்று இருந்தது.

அங்கே போய் 16-ஆம் பிரிவைக் காட்ட முடியாது. அது அரசுகளுக்கு இடையிலான கடமை. தனி ஆள் அதை வைத்து உரிமை கோர வழியில்லை. செய்ய முடிந்தது இது: அழைக்கும் விழாக் குழு தன் நாட்டுப் பண்பாட்டு அமைச்சகத்திலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கித் தரட்டும், அதில் இந்தப் பிரிவைக் குறிப்பிடச் சொல்லுங்கள். உத்தரவாதம் இல்லை, ஆனால் வெறும் அழைப்பிதழுக்கு மேல் கனம் உண்டு.

ஓடிடி தளங்களுக்கு இது பொருந்துமா?

பொருந்தும். 2017-இல் இணைய உலகத்துக்கென வழிகாட்டு நெறிகளையும் உறுப்பு நாடுகள் ஏற்றன. 2018-இல் ஐரோப்பா, தளங்களின் பட்டியலில் 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்பு இருக்க வேண்டும் என்றது. 2021-இல் பிரான்ஸ், அங்கே சம்பாதிப்பதில் 20 முதல் 25 சதவீதத்தை ஐரோப்பிய, பிரெஞ்சுப் படைப்புகளில் முதலீடு செய் என்று நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

வெளிநாட்டுப் படங்களுக்கு 100 சதவீத வரி என்று டிரம்ப் 2025 மே மாதம் அறிவித்தாரே, அதை இந்த ஒப்பந்தம் தடுக்குமா?

தடுக்காது. அமெரிக்கா இதில் உறுப்பினர் இல்லை. சினிமாவைத் தனியாக நடத்தாதே என்று அரை நூற்றாண்டுக்கு மேல் வாதாடிய நாடு அது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு செய்தியைப் படியுங்கள்.

நிதி உதவி ஏதாவது கிடைக்குமா?

பண்பாட்டுப் பன்மைக்கான சர்வதேச நிதியம் இருக்கிறது, 18-ஆம் பிரிவின் கீழ். நாடுகள் விருப்பப்பட்டுத் தரும் பணம்தான், கட்டாயமில்லை. அதனால் பை எப்போதும் மெலிவு, போட்டி கடுமை. வளரும் நாட்டு உறுப்பினர் என்பதால் இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

ஒரு நிகழ்ச்சி, ஒரு பயணம் என்று கேட்டால் கிடைக்காது. பயிற்சிப் பள்ளி, விற்பனை அமைப்பு, கொள்கை ஆய்வு மாதிரி ஒரு துறையையே நிமிர்த்தும் திட்டமாக இருக்க வேண்டும். ஜமாவாக நேரடியாகப் போக முடியாது. பதிவு பெற்ற சங்கமோ அறக்கட்டளையோ வேண்டும், தணிக்கை செய்த கணக்கு வேண்டும். நாலைந்து ஜமாக்கள் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்துகொள்வது நல்லது. முதல் வடிகட்டல் டெல்லியில், கல்வி அமைச்சகத்தோடு இருக்கும் யுனெஸ்கோ தேசிய ஆணையத்தில் நடக்கும். அதனால் கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்பே தாளெல்லாம் தயாராக இருக்கட்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில். கடலூர்க்காரர்களுக்கு ஆங்கிலம்தான் வழி. புதுச்சேரியில் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.